ஒற்றைக்காலில் நிற்கும் வாதம்

"நடக்கிறதும் ஓடுறதும் ஒரு கால்லதானே சார்? அப்புறம் எதுக்கு ரெண்டு காலையும் ஊன்றி ஸ்குவாட்?" இந்த ஒரு கேள்வியை வைத்தே ஜிம் பயிற்சியாளர்கள் பலர் பார்பெல்லை மூலையில் சாத்திவிடுகிறார்கள். பாஸ்டன் பயிற்சியாளர் மைக் பாயில் 2009-இல் ஸ்குவாட்டுக்குச் சாவுமணி அடித்தார். அந்த ஓசை இங்கே வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

ஒருபக்கப் பயிற்சியில் சரக்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. முதுகில் ஏறும் பாரம் குறைகிறது. இடுப்புவலிக்காரருக்கு அதுவே போதும். ஒரு கையைப் பழக்கினால் சும்மா இருக்கும் மறு கைக்கும் கொஞ்சம் வலு ஏறும் என்பதை 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் குழுவினர் காட்டினார்கள். மாவுக்கட்டோடு இருப்பவருக்கு இது வரம். இளம் ரக்பி வீரர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஐந்து வாரம் பழக்கிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒற்றைக்காலில் பழகியவர்களும் இரட்டைக்காலில் பழகியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறினார்கள். அதாவது சமம். இதை 'மேல்' என்று படிப்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அவர்கள் அடுத்து எடுக்கும் ஆயுதம், தனித்தனிக் கால்களின் பலத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து தள்ளும் பலத்தைவிட அதிகமாக வரும் என்பது. 1961-இல் ஹென்றியும் ஸ்மித்தும் கைப்பிடி வலுவில் இதே போக்கைக் கவனித்தது உண்மை. ஆனால் பளுதூக்குபவர்களைச் சோதித்தபோது கணக்கு தலைகீழானது. அவர்களுக்கு இரண்டு கால் சேர்ந்தால்தான் பலம் கூடுதல். எதைப் பழக்குகிறோமோ அதில்தான் உடம்பு தேறுகிறது. இதில் ஒற்றைக்காலுக்குத் தனி மகிமை எங்கே வந்தது? ஓட்ட உவமையும் நிற்காது. முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் தரையில் படுவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. பெஞ்சில் பின்னங்காலைப் போட்டு மூன்று நொடி இறங்கி ஏறுவதற்கும் அதற்கும் ஒரு கால் என்பதைத் தவிர என்ன உறவு?

இதெல்லாம் போகட்டும். என் பழைய புகார் வேறு: இந்தப் பயிற்சியில் பாரத்தை ஒழுங்காக ஏற்ற முடியாது. வலு என்பதே சிறுகச் சிறுக ஏற்றும் பாரத்தில் வருவது.

மாலை ஏழு மணிக்கு எந்த ஜிம்முக்கும் போய்ப் பாருங்கள். பின்னங்கால் பெஞ்சில், கைக்கொன்றாகப் பன்னிரண்டரைக் கிலோ டம்பெல். நாலாவது முறை வரை சரி. ஐந்தில் முன்கால் கணுக்கால் வெடவெடக்கிறது, முட்டி உள்பக்கம் சாய்கிறது. ஆறில் உடம்பு ஒருபக்கம் தள்ள, டம்பெல்லைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிடிக்கிறார். "சூப்பர், நல்லா வேலை செய்யுது" என்கிறார் பயிற்சியாளர். எது வேலை செய்தது? தொடையில் இன்னும் நாலு முறைக்குத் தெம்பு பாக்கி இருக்கிறது. செட்டை முடித்துவைத்தது கணுக்கால். தடுமாற்றத்தை உழைப்பென்று நம்பவைப்பதுதான் இந்த மோஸ்தரின் பெரிய சாமர்த்தியம்.

கணக்கைப் பார்ப்போம். எழுபது கிலோ ஆள் வெறும் இருபது கிலோ பார்பெல்லோடு ஸ்குவாட் தொடங்கினால் காலுக்கு நாற்பத்தைந்து கிலோ. பெஞ்ச் பயிற்சியில் டம்பெல்லே இல்லாமல் முன்கால் ஏறத்தாழ அறுபது கிலோ தாங்கியாக வேண்டும். ஏணியின் முதல் படியே இடுப்பு உயரம்! அதற்குக் கீழே இறங்க வழியில்லை. எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மேலே போவதும் சுலபமில்லை. டம்பெல்கள் பெரும்பாலும் இரண்டரைக் கிலோ வித்தியாசத்தில் அடுக்கியிருக்கும். கைக்கு ஒரு படி ஏறினால் ஐந்து கிலோ. ஒரு காலுக்கு அது வருவதால் பார்பெல்லில் ஒரேயடியாகப் பத்துக் கிலோ கூட்டியதற்குக் கிட்டத்தட்ட சமம். பார்பெல்லிலோ பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ வில்லையைச் சொருகிவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கொள்ளலாம், கை சலிக்கும் வரை. அதன் பிறகு கால் வலுவைத் தீர்மானிப்பது கை!

இந்தப் பயிற்சிக்கு 'பல்கேரியன்' என்று பெயர் வேறு. அபஜியேவ் பயிற்றுவித்த பல்கேரியப் பளுதூக்கிகள் இரண்டு காலையும் ஊன்றி நாள்தோறும் ஸ்குவாட் எடுத்தே உலகை ஜெயித்தவர்கள். அந்தப் பட்டறையில் வளர்ந்த நயீம் சுலைமானோலு 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில், துருக்கிக்காக, 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். பெஞ்சில் கால் போட்டுத் தள்ளாடி வந்த வலுவல்ல அது.

நம் ஊர்ப் பழைய தேகப்பயிற்சிக்கூடங்களில் பஸ்கி எடுத்தவர்களும் இரண்டு காலில்தான் நின்றார்கள். அவர்களிடம் பார்பெல் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இன்றைய வாடிக்கையாளரோ பாரமும் கூட்டுவதில்லை, எண்ணிக்கையும் கூட்டுவதில்லை. மூன்று மாதம் கழித்தும் கையில் அதே பன்னிரண்டரை. கேட்டால் "இன்னும் பேலன்ஸ் வரலை" என்கிறார். இடது, வலது என்று ஒவ்வொரு செட்டும் இரண்டு தடவை. ஒரு மணி நேரத்தில் பாதி இதிலேயே போய்விடுகிறது.

ஆனாலும் மோஸ்தர் குறையாது. ஒரு ஸ்குவாட் ரேக் நிற்கிற இடத்தில் நாலு பெஞ்ச் போடலாம். பின்னால் நின்று பிடிக்க ஆள் வேண்டாம். பாரம் மிஞ்சினால் டம்பெல்லைக் கீழே போட்டால் ஆயிற்று. சதுர அடிக்கு வாடகை கொடுக்கும் ஜிம் முதலாளிக்கு இதைவிட நல்ல அறிவியல் வேறென்ன கிடைக்கும்?