சறுக்குப் பலகையும் அயலாரும்: இரு விவரணப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு துறையைச் சார்ந்தோர் தம் துறைபற்றித் தாமே ஆக்கும் படைப்பு, அத்துறையிற் பயிற்சியில்லாதோரை எவ்வளவு தூரம் ஈர்க்கவல்லது என்னும் வினா விவரணத் திரைப்படம் பற்றிய ஆய்விலே தவிர்க்கவியலாதது. ஸ்கேற்போட் எனப்படும் சறுக்குப் பலகை விளையாட்டைப் பொருளாகக் கொண்ட படங்கள் இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றன. நான்கு சில்லுகள் பூட்டிய பலகையொன்றின்மீது இளைஞர் நின்று பாய்வதும் விழுவதும், அதில் ஒருநாளும் ஏறி நின்றறியாத ஒருவருக்குச் சிறிது நேரத்தின் பின் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். பாய்ச்சல்களுக்கு வழங்கும் பெயர்களோ அவருக்குக் குழூஉக்குறிகளே. இதனாற் போலும், இத்துறைப் படமொன்று பரந்த வரவேற்பைப் பெறும்போதெல்லாம், அது உண்மையிற் சறுக்குப் பலகை பற்றிய படமன்று என்று கூறிப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அயலாரை ஈர்ப்பது அப்படங்களிலுள்ள சறுக்கலேயன்றிச் சறுக்கலைத் தவிர்ந்த பிறிதொன்றன்று. ஆயின், அச்சறுக்கல் எந்நிலத்தில், எக்காரணங்களால் நிகழ்கின்றது என்பது காட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

2001 ஆம் ஆண்டு வெளிவந்த ‘டொக்டவுன் அன்ட் ஸீ-போய்ஸ்’ என்னும் படத்தை முதலில் நோக்கலாம். இதனை நெறிப்படுத்திய ஸ்டேசி பெரால்டா, படம் பேசும் இளைஞர் குழுவின் உறுப்பினராக இருந்தவர். அவருடன் இணைந்து எழுத்துப்பணி செய்த கிரெய்க் ஸ்டெசிக், அக்குழுவைப் பற்றி 1970களிற் சஞ்சிகைகளில் எழுதியும் ஒளிப்படம் பிடித்தும் அதற்குப் புகழ் தேடித் தந்தவர். படத்துக்குப் பணம் வழங்கியது, சறுக்குவோர் அணியும் சப்பாத்துக்களைச் செய்யும் வான்ஸ் நிறுவனம். எனவே வரலாறும் வரலாற்றாசிரியரும் வணிகரும் ஓரிடத்தே கூடியமைந்த படைப்பு இது. எனினும் அதே ஆண்டு சண்டான்ஸ் திரைப்பட விழாவில் விவரணப்படத்துக்குரிய நெறியாள்கைப் பரிசுடன் பார்வையாளர் பரிசையும் இது பெற்றது. அவ்விழாவின் பார்வையாளரிற் பெரும்பாலோர் பலகை ஏறியவர்களாக இருந்திருக்க முடியாது. அவர்களைக் கவர்ந்தது யாது?

படத்தின் முதற் பாதியில் இதற்கு விடையுண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் மேற்குக் கரையில், சாண்டா மொனிக்காவின் தென்பகுதியும் வெனிஸும் சேர்ந்த தாழ்வுற்ற கடலோரமே டொக்டவுன் எனப்பட்டது. அங்கிருந்த பசிபிக் ஓஷன் பார்க் என்னும் களியாட்டப் பூங்கா 1967 இல் மூடப்பட்டது. இடிந்து கடலுக்குள் நின்ற அதன் தூண்களுக்கிடையே அவ்வூர் இளைஞர் அலைச்சறுக்கல் செய்தனர். அலை ஓய்ந்த வேளைகளிற் பலகைக்குச் சில்லுப் பூட்டித் தெருவுக்கு வந்தனர். அதுவரை வழங்கிய களிமண்சார் சில்லுகள் சிறு கல்லொன்று தட்டுப்பட்டாலே நின்று, ஏறியவரைத் தூக்கியெறிபவை. 1960களின் நடுப்பகுதியில் இவ்விளையாட்டு அருகியமைக்கு அவையும் ஒரு காரணம். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வேர்தி யுறித்தேன் சில்லுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவை தரையைப் பற்றிக்கொண்டன. பற்றும் சில்லு கிடைத்த பின்னரே, உடலைத் தாழ்த்திக் கையால் நிலத்தைத் தொட்டுத் திரும்பும் அலைச்சறுக்கற் பாணி தார்த் தளத்திலும் இயல்வதாயிற்று. குன்றுப் பகுதியில் அமைந்த பாடசாலைகளின் முற்றங்களிலே தாரிட்ட சரிவுகள் இருந்தன. அவை அவ்விளைஞர்க்கு அலைகளாயின. 1976-77 காலப் பெருவறட்சியில் வீடுகளின் நீச்சல் தடாகங்கள் வற்றிக் கிடந்தபோது, வளைந்த அடித்தளமுடைய அத்தடாகங்களுக்குள் அவர்கள் மதிலேறிக் குதித்தனர். எஞ்சிய நீரைப் பம்பி கொண்டு இறைத்தனர். பொலிஸார் வருமுன் ஓடினர். செங்குத்துச் சுவரில் ஏறும் கலை இவ்வாறே வளர்ந்தது.

ஒரு பாணி தோன்றுவதற்கான பொருளியற் காரணங்களை இத்துணைத் தெளிவாகக் காட்டும் படங்கள் அரியன. சில்லின் இரசாயனமும் மழையின்மையும் கட்டடச் சரிவும் சேர்ந்து ஓர் அசைவைப் பிறப்பிப்பதை அயலார் கண்ணாற் காண்கின்றனர். அந்த அசைவின் பெயர் அவருக்குத் தெரியாமற் போனாற் குறையில்லை. முல்லைக்கலியைப் படிப்போரில் ஏறு தழுவியவர் எத்தனை பேர்? ஏற்றின் நிறமும் கொம்பின் வளைவும் குத்துண்ட உடலும் கூறப்படுவதனால், தொழுவுக்குள் இறங்காமலே நாம் அதன் அச்சத்தை அறிகின்றோம்.

1975 இல் டெல் மார் நகரில் நடந்த போட்டியைப் படம் காட்டும் பகுதியும் இவ்வகையிலேயே வெற்றி பெறுகின்றது. நிமிர்ந்து நின்று கழைக்கூத்தாடியைப் போலச் சமநிலை காட்டுவதே அன்றைய அளவுகோல். தரையோடு தாழ்ந்து பாய்ந்த ஸெஃபர் அணியினரை எவ்வாறு மதிப்பிடுவதென்று நடுவர்கள் திகைத்தனர். பழைய யாப்பைக் கொண்டு புதிய ஆக்கத்தை அளக்கப் புகுந்த புலவர் நிலை அது.

இரண்டாம் பாதியிலோ படம் தளர்கின்றது. காரணங்களின் இடத்தைப் புகழ் பிடித்துக்கொள்கின்றது. குழுவினர் தம் கடந்தகால வீரத்தைத் தாமே வியக்கின்றனர். வியக்குமாறு எம்மையும் ஏவுகின்றனர். குழுவில் மிகுந்த இயல்பாற்றல் வாய்ந்தவரெனப் பலராலும் கூறப்பட்ட ஜே அடம்ஸ், போதைப்பொருளாலும் சிறையாலும் சிதைந்த வாழ்வுடையவர். 2014 இல் மறைந்தார். அவரது வீழ்ச்சியைப் படம் சில நிமிடத் துயரமாக்கிக் கடந்துவிடுகின்றது. பன்னிருவர் கொண்ட அவ்வணியிலே பெகி ஓகி ஒருவரே பெண். அவர் எவ்வாறு அங்கு வந்தார், எதைத் தாங்கினார் என்பன விரிவாகக் கேட்கப்படவில்லை. ஷோன் பென் வழங்கும் வருணனையில் அவர் இடையே தொண்டையைச் செருமுவதைக்கூட நீக்காமல் விட்டிருக்கிறார்கள். அத்தகைய கரடுமுரடான நேர்மை தம் நண்பரைப் பற்றிப் பேசும்போதும் இருந்திருக்கலாம்.

பிங் லியூ நெறிப்படுத்திய ‘மைன்டிங் த கப்’ (2018) இதற்கு மறுதலையானது. கைத்தொழில் நலிந்த றொக்ஃபோட் என்னும் இலினோய் மாநில நகரிலே வளர்ந்த மூவரின் கதை இது. மூவருள் ஒருவர் லியூ. பதின்பருவத்தில் விளையாட்டாகப் பிடித்த காட்சிகளும் பின்னர் பல ஆண்டுகள் எடுத்தவையும் இதில் இணைந்துள்ளன. மூவரும் வீட்டில் அடிபட்டு வளர்ந்தவர்கள். கூரை வேய்யும் தொழிலாளியான நண்பர் இளவயதிலே தந்தையாகின்றார். தம் துணைவியை அவர் தாக்கினார் என்ற குற்றச்சாட்டு எழுகின்றது. கறுப்பின நண்பரோ உணவகத்திலே பாத்திரம் கழுவுகின்றார். தம்மை அடித்த, இப்போது இறந்துவிட்ட தந்தையின் கல்லறையைத் தேடுகின்றார். ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்ட இப்படத்தையே, இது சறுக்குப் பலகை பற்றியதன்று எனப் பலர் புகழ்ந்தனர்.

அவர்கள் கவனியாத ஒன்றுண்டு. இப்படத்தின் சறுக்கற் காட்சிகளைப் பிடித்தவர் தாமும் பலகையில் நின்றவாறே நண்பரைப் பின்தொடர்ந்தவர். வெறிச்சோடிய வீதிகளினூடே அவர்கள் வழுக்கிச் செல்லுகையில் ஒளிப்படக்கருவியும் அதே வேகத்தில், அதே வளைவில் செல்கின்றது. ஓரத்தில் நின்று பார்ப்பவரின் பார்வை அன்று அது. பலகை ஏறியறியாத பார்வையாளரின் உடலுக்கு அவ்வசைவின் இலேசு இவ்வாறு கிட்டுகின்றது. அந்த இலேசை உணர்ந்த பின்னரே வீட்டின் பாரம் எமக்கு விளங்குகின்றது. சிறுவனாக இருந்த நண்பர் கோபத்திலே தம் பலகையை மிதித்து உடைக்கும் பழைய காட்சியொன்று உண்டு. தம்மிடமிருந்த ஒரேயொரு விடுதலையையே அவர் உடைக்கின்றார் என்பதை உணர, அவர் அதன்மீது பறந்ததை நாம் முன்பு கண்டிருக்க வேண்டும். சறுக்கலை நீக்கிவிட்டால் எஞ்சுவது சமூக சேவை அறிக்கை ஒன்றே.

காபூல் நகரிற் சிறுமியர் பயின்றதைக் காட்டி, 2020 இல் ஒஸ்கார் பெற்ற கரோல் டைசிங்கரின் குறும்படத்தை இதனோடு ஒப்பிடலாம். அப்படம் எவரையும் எளிதில் இளக்கும். ஆயின் அங்கு பலகை துணிவின் குறியீடாகவே நிற்கின்றது. கால் அதன்மீது எவ்வாறு நிற்கப் பழகுகின்றது என்பதைவிட வகுப்பறையே மனத்தில் தங்குகின்றது. அச்சிறுமியர்க்கு எது பெரிதென்பதை நாம் தீர்ப்பதற்கில்லை. எமது வினாவுக்கு மட்டும் அப்படம் அதிகம் உதவவில்லை.

லியூவின் படத்திற்குள்ளேயே அயலார் ஒருவர் உள்ளார். அவர் லியூவின் தாய். பலகையோடு தொடர்பற்ற அவரை ஓர் அறையில் இருத்தி, ஒளி பாய்ச்சி, இரண்டாந் தாரக் கணவர் தம்மை அடித்த நாட்களைப் பற்றி மகன் வினவுகின்றார். ஒரு கருவி தாயை நோக்குகின்றது. மற்றொன்று மகனையே நோக்குகின்றது. படமெங்கும் நண்பர்க்குப் பின்னால் விரைந்தோடிய லியூ இங்கு அசையாது அமர்ந்திருக்கின்றார். தாய் அழுகின்றார். மகன் ஏன் இத்தனை ஆண்டுகள் தெருவிலே கழித்தார் என்பது அவ்வழுகையினூடே அவருக்குத் தெரியவருகின்றது.