பார்க்க வேண்டிய இடங்களும் பார்க்கப்படாத கைகளும்

சென்னையில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று அச்சாகிற எழுத்தை யாரும் இலக்கியமாக மதிப்பதில்லை. விமர்சகர்களும் தொடுவதில்லை. ஆனால் நம் கவிதைத் தொகுப்புகளைவிட அதிகம் பேர் படிக்கிற எழுத்து அது. அதற்கென்று ஓர் இலக்கணமும் இருக்கிறது. எழுவாய் எப்போதும் துரை, ராஜா, வள்ளல். 'கிராண்ட் டஃப் மெரினாவை அமைத்தார்' என்பார்கள். 1880களில் கவர்னராக இருந்த அந்த மனுசன் ஒரு கூடை மண் சுமந்திருப்பாரா? துரை பெயர் தெரியாத இடத்தில் 'கட்டப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். எவன் கட்டுனான், எவ கல்லு சொமந்தா என்று கேட்க வாக்கியத்தில் இடமே இல்லை.

ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம். 1897இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஒன்பது நாள் தங்கியவருக்குக் கட்டடமே சொந்தம். கரையிலிருந்து பனிப்பாளம் தூக்கிய தோளுக்கு ஒரு வரி கிடையாது. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013) பஞ்சத்தையும் ஐஸ் ஹவுஸ் தொழிலாளரையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த நாவல். அதோடு நமக்குச் சண்டை உண்டு, வேறொரு சமயம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கட்டடத்தை ஓயாமல் சுற்றிவரும் சுற்றுலா எழுத்து இந்த அளவுக்குக்கூட வரவில்லையே.

அதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஓடுவது பக்கிங்ஹாம் கால்வாய். நான் பார்த்த பட்டியல் எதிலும் இது இல்லை. நாறுகிற சாக்கடையை யார் பார்க்க வருவார்கள்! 1876-78 பெரும்பஞ்சத்தில் பட்டினி கிடந்த சனங்கள், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டை நிவாரண வேலையாகத் தோண்டினார்கள். நிவாரண வேலைக்கு 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த நாள்கூலி, ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். மாகாணத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். காணி இல்லாதவன், படியாள், கழனிக் கூலிக்காரி என்று பஞ்சத்தில் முதலில் விழுவது யார் என்பதை நம் சேரிக் கிழவிகளிடம் கேட்டால் தெரியும். கால்வாய்க்கு வைத்த பெயரோ கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவுடையது.

'உழைப்புக்குத்தான் மெரினாவில் சிலை இருக்கிறதே' என்பார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்டது. அருமையான சிலைதான், அந்த முதுகுகளின் இறுக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாறையை நெம்புகிற நான்கு பேரும் ஆண்கள். மண்கூடை சுமந்தவள் எங்கே? கோவணம் மட்டும் கட்டிய அந்த உடம்புகளுக்கு ஊர் உண்டா, தெரு உண்டா? சாதி கழற்றப்பட்ட 'உழைப்பு' என்பதால்தான் எல்லோரும் கூசாமல் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள முடிகிறது.

பெயரோடு இருக்கிற இடங்களும் உண்டு. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 1893இல் 'பறையன்' இதழ் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனுக்கும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசருக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. அயோத்திதாசருடையது 2023இல்தான் திறந்தது. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வாத்தியார்கள் இந்தப் பக்கமும் திரும்பலாம்.

இன்னொரு பக்கம், ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைகளைப் பிடுங்கி 2000 முதல் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2020 வாக்கில் அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் வரைந்தார்கள். இப்போது அதுவும் 'பார்க்க வேண்டிய இடம்'. சில முகங்கள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் வண்ணத்தை வர்ணித்த அளவுக்கு, இந்தச் சனம் எந்தக் கரையிலிருந்து எதற்காக இங்கே வந்தது என்று எழுதவில்லை. கரையிலே குடிசை இருந்தால் ஆக்கிரமிப்பு, சுவரிலே முகம் இருந்தால் கலையா?

திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் கால்வாய் மேலேயேதான் நிற்கிறது. தினமும் சனம் ஏறி இறங்குகிற இடம். அங்கே ஒரு பலகை வைக்கலாம்: எந்த ஆண்டு, என்ன பஞ்சம், ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு அதில் எவ்வளவு குறைத்தார்கள்.