கோரிக்கை சரி, கூட்டமைப்பு?

1959இல் கோலாலம்பூரில் ஆசிய பாட்மின்டன் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது ஆட்டம் ஏற்கெனவே ஆசியாவின் கையில் இருந்தது, அதிகாரம்தான் இல்லை. 1949இல் ஆண்கள் அணிகளுக்கான முதல் தாமஸ் கோப்பையை மலாயா வென்றது, 1958இல் இந்தோனேசியா அதைப் பறித்தது. ஆனால் 1934இல் சர்வதேச சம்மேளனத்தை நிறுவிய ஒன்பது நாடுகளில் ஆசிய நாடு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற நியதியும் அங்கே இருக்கவில்லை.

இதனோடு சீனச் சிக்கலும் சேர்ந்தது. தைவான் உறுப்பினராக இருந்ததால் சீனா சம்மேளனத்துக்கு வெளியே நின்றது. சீனா போன்ற வலுவான அணி இல்லாமல் உலகப் பட்டம் வழங்குவதில் அர்த்தம் குறைவு. 1978 பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பல கூடி எதிர் சம்மேளனம் ஒன்றைத் தொடங்கியதற்கு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதை 'ஆசியாவின் எழுச்சி' என்று பாடுவதை ஏற்க முடியவில்லை. ஆசியாவின் பெரும் வல்லமையான இந்தோனேசியா பழைய சம்மேளனத்திலேயே இருந்தது. 1979இல் ஜகார்த்தாவில் டென்மார்க்கை 9-0 என நசுக்கித் தாமஸ் கோப்பையைத் தக்கவைத்தது. மறு ஆண்டு அதே ஊரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஐந்து பட்டங்களில் நான்கை அள்ளியது. அதில் ஆண்கள் ஒற்றையரை வென்ற ருடி ஹர்தோனோவின் திறமையை யாரும் சந்தேகிக்கப் போவதில்லை. எனினும் சீனர்கள் ஆடாத களத்தில் வந்த பட்டம் அது. பாங்காக்கிலும் ஹாங்சோவிலும் எதிர் சம்மேளனம் நடத்திய உலகப் போட்டிகளுக்கும் இதே குறை தலைகீழாக உண்டு: அங்கே இந்தோனேசியர்கள் இல்லை. அதிகாரிகளின் சண்டைக்கு ஆட்டக்காரர்கள் கட்டிய அபராதம் இது.

1981 மே மாதம் டோக்கியோவில் இரண்டு சம்மேளனங்களும் இணைந்தன. அடுத்த ஆண்டே லண்டனில் இந்தோனேசியாவை 5-4 என வீழ்த்தி, முதன்முறை களமிறங்கிய சீனா தாமஸ் கோப்பையை எடுத்துச் சென்றது. சீனாவையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை சரியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2005இல் உலகத் தலைமையகமே இங்கிலாந்தின் செல்டனமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது.

இதில் கூட்டமைப்புக்கு எவ்வளவு பங்கு? பாதிக்கும் குறைவு என்பேன். தலைமையகம் நகர்ந்ததற்கு ஆசிய அணிகளின் பலமும் ஆசிய ரசிகர்களின் பணமும் போதுமான காரணங்கள். கூட்டமைப்பின் சொந்த வேலை ஆசிய சாம்பியன்ஷிப்பை ஒழுங்காக நடத்துவது. அது 1976இல் ஹைதராபாத்தில் நடந்தது. அடுத்தது 1983இல், கல்கத்தாவில். இடையே அழைப்புப் போட்டிகள் நடந்ததுண்டு, ஆனால் அவை அதற்கு ஈடாகா. உலக அரங்கில் சம உரிமை கேட்ட அதே ஆண்டுகளில் தன் வீட்டுப் பந்தயத்தை ஏழாண்டு விட்டுவிட்ட அமைப்பு இது. 1965இல் லக்னோவில் தினேஷ் கன்னா வென்ற ஒற்றையர் பட்டத்துக்கு இந்தியாவிலிருந்து அடுத்த உரிமையாளர் வந்திருக்கக்கூடுமென்றால், அது 1980இல் ஆல் இங்கிலாந்தை வென்ற பிரகாஷ் படுகோன்தான். அவர் உச்சத்தில் இருந்தபோது ஆடுவதற்கு அந்தப் போட்டியே இல்லை.