பரிசா, அவகாசமா?

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி அமைந்த பிறகு, சினிமாத் தொழிலின் ஒரு பகுதி கோடம்பாக்கத்தை விட்டு மேற்கே வந்துவிட்டது என்று கூறலாம். ஆயினும், அரங்கு நிர்மாணம் வந்த வழியே கதை எழுதும் வாய்ப்பும் இப்பகுதிக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் உழைத்த தலைமுறையின் பிள்ளைகளுக்குள் திரைக்கதை எழுதும் ஆசை கொண்டவர்கள் உண்டு. ஒரு பிரதியை எழுதித் திருத்தி முடிக்கும்வரை சம்பளமின்றிக் காலம் கழிக்கும் சௌகரியந்தான் அவர்களுக்கு இல்லை. ஆகவே, புதிய எழுத்தாளர்களை ஆதரிப்பதாகச் சொல்லும் போட்டிகளையும் உதவித்தொகைகளையும், அவை எவ்வளவு அவகாசம் அளிக்கின்றன என்ற அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அவகாசத்தைத் தமிழ் சினிமா ஒரு காலத்தில் தானே அளித்து வந்தது. எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா ஒன்று இருந்தது; கொத்தமங்கலம் சுப்பு முதலானோர் அதில் சம்பளம் பெற்றுக்கொண்டே கதைகளை விவாதித்து உருவாக்கினார்கள். ஸ்டூடியோக்களின் ஆதிக்கம் தளர்ந்தபின் அந்தச் செலவு முழுவதும் எழுதுகிறவன் தலையில் விழுந்தது. அவன் உதவி இயக்குநராகச் சேர்ந்து, பேட்டாவில் காலம் தள்ளி, என்றைக்கேனும் ஒரு தயாரிப்பாளரின் எதிரே அமர்ந்து கதை சொல்லும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் போட்டியின் முதற் குணம் புலப்படுகிறது. கதை சொல்வதில் குரலுக்கும் அபிநயத்துக்கும் அறிமுகத்துக்கும் உள்ள செல்வாக்கு, எழுத்தைப் படித்துத் தீர்ப்பளிக்கும் இடத்தில் பெரிதும் குறைகிறது. சபைக் கூச்சமுடையவனும், சிபாரிசு இல்லாதவனும், வீட்டை விட்டு நெடுநேரம் வெளியே தங்க முடியாத பெண்ணும் அங்கே ஒரே வரிசையில் நிற்க முடிகிறது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திய திரைக்கதைப் பயிலரங்கில் செப்பனிடப்பட்ட பிரதிகளுள் ஒன்றே பின்னர் 'தி லஞ்ச்பாக்ஸ்' என்று உலகெங்கும் பேசப்பட்ட படமாயிற்று. 2018-ல் முடிவு அறிவிக்கப்பட்ட சினிஸ்தான் போட்டி 50 லட்சம் ரூபாயைப் பரிசுகளாகப் பகிர்ந்து, திரைக்கதைக்கும் தனி மதிப்பு உண்டு என்பதை உணர்த்தியது.

குறைகளும் சிறியவை அல்ல. மேற்கூறிய இரண்டும் பம்பாயை மையமாகக் கொண்டவை. பட்டாபிராம் டீக்கடையில் பேசும் பேச்சின் சுவையை, அந்த வட்டாரத்தையே அறியாத நடுவர் எவ்விதம் எடைபோடுவார்? தமிழிலேயே நடந்த கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' போட்டி கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, ராம்குமார் முதலியோரை அடையாளம் காட்டியது. 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013), 'முண்டாசுப்பட்டி' (2014) ஆகியவை அதன் பயனுக்குச் சாட்சி. ஆனால் அது எடுத்து முடித்த குறும்படத்தையே மதிப்பிட்டது. கேமராவையும் நண்பர்களையும் ஓய்வு நாட்களையும் திரட்ட இயலாதவன், எவ்வளவு சிறந்த பிரதியைக் கையில் வைத்திருந்தாலும், அதன் வாயிலிலேயே நின்றுவிட நேர்ந்தது.

கதையின் உரிமை மற்றொரு பிரச்னை. 2018-ல் 'சர்கார்' படம் வெளிவருமுன், பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்யப்பட்டிருந்த 'செங்கோல்' என்ற கதையோடு அதற்கு ஒற்றுமை உண்டென்று எழுத்தாளர் சங்கத் தலைவராயிருந்த கே. பாக்யராஜ் கூறியதும், விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமானதும் பலருக்கு நினைவிருக்கும். பெயரறியாத எழுத்தாளனுக்கு அந்தப் பதிவே ஆதாரமாக நின்றது. ஆகையால், வந்த பிரதிகளைத் தேதியிட்டுப் பதிவு செய்யாமலும், உரிமை எழுதியவனுடையதே என்று விதிகளில் தெளிவாகச் சொல்லாமலும் கதைகளைச் சேகரிக்கும் எந்தப் போட்டியையும் சந்தேகத்தோடு பார்ப்பது தவறாகாது.

இவ்விஷயத்தில் அமெரிக்க ஆஸ்கர் அகாடமியின் நிக்கோல் உதவித்தொகை கவனிக்கத்தக்கது. 1980களில் தொடங்கிய அது, தேர்ந்தெடுத்த சிலருக்கு ஆளுக்கு 35,000 டாலரைத் தவணைகளாக அளித்து, அவ்வாண்டுக்குள் மற்றொரு முழுத் திரைக்கதையை எழுதி முடிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. முடிந்த பிரதிக்கு வெகுமதி தருவதோடு நில்லாமல், எழுதப்போகும் பிரதிக்குக் கூலியும் தருவதே இதன் விசேஷம். ஆங்கிலப் பிரதிகளை மட்டுமே ஏற்றதாலும் நுழைவுக் கட்டணம் கேட்டதாலும் அது நமக்கு நேரடியாகப் பயன்படவில்லை. ஆனால் அதன் தத்துவம் பயன்படும். இயக்குநர் வெற்றிமாறன் தொடங்கிய பன்னாட்டுத் திரை-பண்பாட்டு ஆய்வகம், எளிய குடும்பத்துப் பட்டதாரிகளுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி அளிப்பது இத்திசையில் ஒரு நல்ல தொடக்கம். எனினும் பயிற்சிக்கு முழு நேரமும் வரக்கூடியவர்களுக்கே அது பொருந்தும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் எழுதுகிறவனுக்கு வேறொரு ஏற்பாடு தேவை.

ஆகவே, தமிழில் அத்தகைய போட்டி ஒன்று அமையுமானால், அது தமிழ்ப் பிரதியைத் தமிழறிந்தவர்களைக் கொண்டு படிக்கச் செய்வதும், கட்டணம் வாங்காதிருப்பதும், ஒருவருக்குப் பெருந்தொகை தருவதைவிடப் பலருக்கு மாதந்தோறும் சிறு தொகை தருவதும் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிராகரித்த பிரதிகளுக்கும் அவற்றின் குறைகளைச் சுட்டி இரண்டு பக்கம் எழுதியனுப்ப வேண்டும். மேடையில் காசோலை வாங்கியவரின் புகைப்படத்தால் போட்டியின் வெற்றியை அளக்க முடியாது; தோற்றவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டு மேலும் சிறந்த பிரதியோடு திரும்பி வந்தார்கள் என்பதே அதற்கு உரிய கணக்கு.