வெள்ளை சாத்திய பந்தல்

திருச்செந்தூரில் ஆவணித் திருவிழாவிலும் மாசித் திருவிழாவிலும் ஏழாம் நாள் சாயங்காலம் சண்முகர் சிவப்பு சாத்தி வருவார். மறுநாள் பொழுது விடியும் நேரத்தில் வெள்ளை சாத்தி, மதியம் பச்சை சாத்தி. சிவன், பிரம்மன், திருமால் என்று மூன்று கோலங்கள். கூட்டம் அலைமோதுவது பச்சைக்குத்தான். பூ வேலையை ரசிக்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு வெள்ளைக்கு. சிவப்பில் ஒரு பூ வாடியிருந்தால் இருட்டோடு இருட்டாகப் போய்விடும். பச்சையில் இலையோடு இலையாக மறைந்துவிடும். வெள்ளைப் பட்டு, வெள்ளைப் பூ, வெள்ளிச் சப்பரம் என்று எல்லாமே வெள்ளையாக வரும்போது நேற்றுப் பறித்த பூ ஒன்று கலந்திருந்தாலும் தெருவோரத்தில் நிற்பவர் கண்ணில் படும்.

குற்றாலம், இலத்தூர், செங்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளிலும் பங்களாக்களிலும் கல்யாணம் வைத்துக்கொண்டு, 'எல்லாம் வெள்ளையாகவே இருக்கட்டும்' என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த விடிகாலைச் சப்பரம்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வந்த ஆசை என்று சிரிக்கிறவர்கள் உண்டு. ஆசை அங்கிருந்தே வந்திருக்கட்டும். வேலை நம்மிடம் முன்பே இருக்கிறது.

வெள்ளைப் பூவில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. ரோஜாவின் சிவப்புக்கும் கேந்தியின் மஞ்சளுக்கும் நிறமிகள் உண்டு. மல்லிகை இதழில் இருப்பது செல்களுக்கு நடுவே அடைபட்ட காற்று. அந்தக் காற்றறைகளில் ஒளி பட்டுச் சிதறுவதைத்தான் நாம் வெள்ளையாகப் பார்க்கிறோம். ஒரு மல்லிகை இதழை விரலால் அழுத்திப் பாருங்கள்: அழுத்திய இடம் கண்ணாடிபோல் தெளிந்து, சற்று நேரத்தில் பழுப்பாகும். காற்று வெளியேறிவிட்டது, வெள்ளையும் போய்விட்டது. ஆகவே வெள்ளைப் பூ வேலை முதலில் கைப்பக்குவம், நிறத் தேர்வெல்லாம் அதற்குப் பிறகு. குற்றாலத்துச் சாரலும் இந்த இடத்தில்தான் கணக்கில் வருகிறது. ஆனியிலும் ஆவணியிலும் மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்று பூவை வாடவிடாது, அது நல்லது. சாரலே இதழ்மேல் விழுந்து தங்கினால் பொட்டுப் பொட்டாக நிறம் மாறும். சம்பங்கிக்கு இது சட்டென்று நேரும். திறந்தவெளிப் பந்தலில் பூவுக்குமேல் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விட்டுவிடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம் தெரிந்தவர் செய்கிற காரியம்.

அடுத்தது, எந்த வெள்ளை என்ற கேள்வி. மல்லிகை மொக்கு பால் வெள்ளை, காம்புப் பக்கம் இளம்பச்சை ஓடும். பிச்சி அப்படியில்லை. விரிந்த பிச்சியை மேலிருந்து பார்த்தால் சுத்த வெள்ளை, மொக்கின் முதுகிலோ இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். பிச்சியை மொக்காக நெருக்கிக் கட்டிய சரம் தூரத்தில் வெள்ளையாகவே தெரியாது, லேசாக வெட்கப்பட்ட நிறம் காட்டும். அதனால் 'எல்லாம் வெள்ளை' என்று பிடிவாதமாகச் சொல்கிறவர்கள் பிச்சியைத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது தப்பு. அந்தச் சிவப்புக் கீற்றுதான் பக்கத்தில் இருக்கும் மல்லிகையை இன்னும் வெளுப்பாகக் காட்டும். சம்பங்கி மெழுகு வெள்ளை, தந்தத்தின் சாயல். நம் மாப்பிள்ளை மாலையின் முதுகெலும்பே சம்பங்கிதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ என்றால் நம்புகிறவர்கள் குறைவு. நந்தியாவட்டை குளிர்ந்த, தட்டையான வெள்ளை. வாசனை சொல்லும்படி இல்லை, காம்பை ஒடித்தால் பால் வடியும், சீக்கிரம் ஓரம் கறுக்கும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதற்கு நிகரான வெளுப்பு வேறு எதிலும் இல்லை. வெள்ளை அரளி நீளவாக்கில் நிழல் கொடுக்கும். வெள்ளைச் செவ்வந்தியின் நடுவில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். தாழம்பூ மடல் வெண்ணெய் நிறம்.

வெள்ளைத் தாமரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். குளத்திலிருந்து மொட்டாக வரும் தாமரையின் வெளி இதழ்களில் பச்சை பாய்ந்திருக்கும். அப்படியே வைத்தால் பாதி பச்சையாகவே நிற்கும். கைதேர்ந்தவர் ஒவ்வொரு வெளி இதழையும் நுனியிலிருந்து உள்பக்கமாக மடித்து அடியில் செருகுவார். இரண்டு வரிசை மடித்ததும் மொட்டு ஒரு சிறிய கோபுரக் கலசமாகிவிடும், பச்சை உள்ளே போய், மடிப்பின் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாக நிற்கும். மடிக்கும் விரலில் ஈரம் வேண்டும், நகம் படக்கூடாது. நகம் பட்ட இதழில் அரைமணி நேரத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு விழும்.

சரம் கட்டுவதிலும் இதே கதை. இந்தப் பக்கம் இரண்டு மொக்கு, அந்தப் பக்கம் இரண்டு மொக்கு, நடுவில் நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. அது ஒரு கண்ணி. நனைத்து வைத்த வாழைநார் காயும்போது கொஞ்சம் இறுகும் என்பதைக் கைக்குத் தெரிந்து அந்த அளவு விட்டுக் கட்ட வேண்டும். இறுக்கிவிட்டால் காம்பு அறுந்து சாயங்காலத்துக்குள் பூ உதிரும், தளர்த்திவிட்டால் மொக்கு நழுவும். கலர் மாலையில் நூலின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. முழு வெள்ளையில் நூல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெள்ளை நூல் போட்டால் மறையும் என்று நினைப்பார்கள். மறையாது, பூவின் வெள்ளைக்கும் நூலின் வெள்ளைக்கும் ஒட்டாது, நூல் நீலம் போட்ட வேட்டிபோல் தனியே துருத்தும். காம்போடு காம்பாகப் போகிற வெளிர்ப்பச்சை நூல் நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது வாழைநார்.

பூவுக்கு ஒரு கடிகாரம் உண்டு. மல்லிகையைச் சூரியன் வருமுன் மொக்காகப் பறிக்கிறார்கள், அன்று சாயங்காலம்தான் அது விரியும். மல்லிகை, பிச்சி, சம்பங்கி மூன்றுமே பொழுது சாய்ந்தபின் மணக்கிற ஜாதி. இரவில் வரும் விட்டில்களுக்கு நிறம் எதற்கு, வாசம் போதும். அதனால்தான் நம் வாசனைப் பூக்களில் இத்தனை வெள்ளை. மாலை ஆறு மணி வரவேற்புக்குக் காலையில் கட்டிய சரம், விருந்தினர் வரும் நேரத்தில் ஒரு சுற்றுப் பருத்திருக்கும். அந்தப் பருமனுக்கும் சேர்த்து இடம் விட்டுத் தொங்கவிட்டவர் தேர்ந்தவர். விடிகாலை முகூர்த்தம் என்றால் தலைகீழ்: முந்தின நாள் பறித்த மொக்கு ராத்திரியே விரிந்து, தாலி கட்டும் நேரத்தில் தொங்கிப்போய் நிற்கும். அதற்காகத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மொக்கைத் தூங்க வைத்து, விடியுமுன் எடுத்துக் கட்டுகிறார்கள். மணப்பெண்ணின் ஜடைக்கு வாழைப்பட்டைமேல் மொக்கு மொக்காக ஊசியால் தைக்கிற வேலைக்கு இதுவே உயிர்நாடி. விரிந்த பூவைத் தைக்க முடியாது. தைத்தபின் விரிந்தால் கோலம் கலைந்துவிடும்.

ஓசூர், ஊட்டிப் பக்கமிருந்து குளிர்பெட்டியில் வரும் கார்னேஷனுக்கும் வெள்ளை ரோஜாவுக்கும் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. காலையிலும் அதே முகம், ராத்திரியும் அதே முகம். பச்சை நுரைக்கட்டியில் குத்தினால் வளைவு, தூண், மேடை என்று எந்த உருவமும் எடுக்கும். அதைப் பழிக்க மாட்டேன். பெரிய வளைவைச் சம்பங்கியை மட்டும் வைத்து நிமிர்த்த முடியாது. ஆனால் பந்தலுக்குள் நுழையும்போது வாசம் வரவில்லை என்றால், வெள்ளைப் பூவுக்குச் செலவழித்த காசில் பாதி வீண் என்பேன். அதற்காக மூடிய ஹாலில் மல்லிகை, பிச்சி, சம்பங்கி மூன்றின் வாசத்தையும் ஒன்றாகக் கொட்டினால் முன்வரிசைக்குத் தலைவலி வரும். தோப்பில் அந்தப் பயமில்லை, மலைக்காற்று பார்த்துக்கொள்ளும்.

வெள்ளைக்கு எதிரி இன்னும் வெள்ளை. வெள்ளைத் துணி விரித்து, வெள்ளைத் திரை கட்டி, அதில் வெள்ளைப் பூவை வைத்து, மேலே வெள்ளை எல்.இ.டி. அடித்தால் எதுவும் தெரியாது. போட்டோவில் ஒரு வெளிறிய சுவர்தான் விழும். மல்லிகை அந்த வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து நோயாளிபோல் இருக்கும். மஞ்சள் பல்பிலோ குத்துவிளக்கிலோ அதே மல்லிகைக்கு உயிர் வரும். வெள்ளையை எடுத்துக்காட்டப் பக்கத்தில் பச்சையும் வேண்டும். இங்கிலாந்தில் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற அம்மாள் பூ அலங்காரத்தையே புரட்டிப்போட்டவர். 1937இல் பிரான்சின் கான்டே மாளிகையில் வின்ட்ஸர் கோமகனின் கல்யாணத்துக்குப் பூ வைத்தவரும் அவர்தான். அவர் பூவுக்குப் பக்கத்தில் கீரை இலையையும் வேலியோரக் கொடியையும் கூச்சமில்லாமல் வைப்பார். அதே நாட்டில் விட்டா சாக்வில்-வெஸ்ட் என்ற எழுத்தாளர் சிசிங்ஹர்ஸ்டில் போட்ட வெள்ளைத் தோட்டத்தில் பாதி வேலையைச் செய்வது சாம்பல் இலையும் கரும்பச்சை வேலியும். இலத்தூரில் இதற்கு யாரும் எங்கும் அலைய வேண்டாம். தென்னங்குருத்து, மாவிலை, கமுகம்பாளை, குலை தள்ளிய வாழை, பின்னால் மேற்குமலையின் நீலம். நம் பந்தல் சாமான் எல்லாமே வெள்ளைப் பூவுக்கு என்றே செய்ததுபோல் இருக்கிறது.

ஒரு தடை உண்டு, அது அழகியல் சம்பந்தப்பட்டதல்ல. "என்னய்யா, கல்யாண வீட்டுல வெறும் வெள்ளையா கெட்டி வச்சிருக்கிய?" என்று ஏதாவது ஒரு ஆச்சி கேட்பார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தெற்குச் சீமையின் பூ வேலை நிறக் கலவையில் பேர் வாங்கியது. தோவாளை மாணிக்கமாலையைப் பாருங்கள்: வெள்ளரளி, சிவப்பரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து அடுக்கி, ரத்தினம் பதித்ததுபோல் செய்கிறார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் செங்கோட்டைப் பக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்ச் சீமை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கசவு முண்டும் முல்லைப்பூவும்தான் மங்கலம். கிழக்கே பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற அம்மாள் கட்டிய தேவாலயம் 1785இல் எழுந்தது. நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வெள்ளைப் புடவையும் வெள்ளைப் பூங்கொத்துமாக மணப்பெண் கோயிலுக்குள் வருவது தலைமுறைகளாகப் பார்த்த காட்சி. விக்டோரியா மகாராணி 1840இல் வெள்ளை உடையும் ஆரஞ்சுப் பூக் கிரீடமுமாக நின்றதிலிருந்து உலகெங்கும் பரவிய வழக்கம் அது. (எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எலுமிச்சம்பூவும் அந்த ஆரஞ்சுப் பூவின் தங்கச்சிதான். ஆனாலும் அதை யாரும் தலையில் வைப்பதில்லை. பூவைக் கிள்ளினால் காய் போச்சே!)

என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் தை மாதத்தைத் தவிர்க்கச் சொல்வேன். பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறி, வைத்தியச் செலவுபோல் கையைக் கடிக்கும். பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். வாசல் வளைவுக்கு வெள்ளரளியும் நந்தியாவட்டையும், பகலில் மட்டும் அவற்றுக்கு வேலை. நடைபாதைக்குத் தண்ணீர் நிறைந்த வெண்கல உருளிகளில் மடித்த தாமரை. மணவறையில் சம்பங்கிச் சரம், நடுநடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் தோப்பின் பச்சை தெரியும்படி. கூரையிலிருந்து பூவைத் திரைபோல் அடைத்துத் தொங்கவிட அனுமதிக்க மாட்டேன். மல்லிகையும் பிச்சியும் ஆட்களின்மேல் மட்டும்: மாலையாக, ஜடையாக, வாசலில் சந்தனத்தோடு நீட்டுகிற தட்டில். ஆச்சிக்காகப் பந்தக்காலில் மஞ்சளும் குங்குமமும் தாராளமாக இருக்கும், அது பூக்கணக்கில் சேராது. இவ்வளவும் முடிந்தபின் யாராவது ஒரு அத்தை, பெண்ணின் மல்லிகைச் சரத்துக்குக் கீழே ஒரு துண்டு கனகாம்பரத்தைச் செருக வருவார். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.