‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’: கேட்டவர்கள் காப்பாற்றிய இசைத்தட்டு

வான் மோரிசனின் ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’ 1968 நவம்பரில் வெளிவந்தபோது அமெரிக்க விற்பனைப் பட்டியலிலும் ஏறவில்லை, பிரிட்டன் பட்டியலிலும் ஏறவில்லை. அதிலிருந்து ஒரு பாட்டுகூடத் தனித்தட்டாக வெளியிடப்படவில்லை. அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்கு வழங்கப்படும் தங்கச் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது 2001இல். அந்த 33 ஆண்டுகளும் இந்த இசைத்தட்டைச் சாகாமல் வைத்திருந்தவர்கள் அதைக் கேட்டவர்கள்தான். எழுதினார்கள், சண்டை போட்டார்கள், கேட்காதவர்களைக் கேட்கவைத்தார்கள்.

எட்டுப் பாட்டுகள், மொத்தம் சுமார் 47 நிமிடம். இதைத் தங்கள் வாழ்நாளின் இசை என்று சொல்கிறவர்கள் உண்டு. மூன்றாம் பாட்டோடு பொறுமை இழந்து எடுத்து வைத்தவர்களும் உண்டு. ‘மெட்டு எங்கே?’ என்பது அவர்கள் கேள்வி. இரு சாராரும் வெறும் ரசனையைப் பேசவில்லை. ஒவ்வொருவரும் தட்டில் உள்ளபடியே இருக்கும் ஏதோ ஒரு ஒலியைத்தான் சுட்டுகிறார்கள். அந்த ஒலிகளைப் பார்க்க, முதலில் பதிவு நடந்த அறைக்குள் போகவேண்டும்.

மோரிசனுக்கு அப்போது வயது 23. பெல்ஃபாஸ்ட்டில் ‘தெம்’ குழுவின் பாடகராகப் பெயர் வாங்கியவர். 1967இல் ‘பிரவுன் ஐட் கேர்ள்’ அமெரிக்காவில் பெரிய வெற்றி பெற்றது. அதே ஆண்டின் கடைசி நாட்களில் அவருடைய தயாரிப்பாளர் பெர்ட் பெர்ன்ஸ் இறந்துபோக, ஒப்பந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சின்னச் சின்னக் கிளப்புகளில் கிட்டார், பாஸ், புல்லாங்குழல் என்று மூன்றே வாத்தியங்களோடு பாடிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் லூயிஸ் மெரென்ஸ்டைன் பாஸ்டனுக்கு வந்து அவர் பாடிக் கேட்டார். தலைப்புப் பாட்டின் முதல் அரை நிமிடத்திலேயே தனக்குக் கண்ணீர் வந்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த வகையில் இந்தத் தொகுப்பைப் பற்றிக் கருத்துச் சொன்ன முதல் வெளியாள் அவர்தான்.

அடுத்து மெரென்ஸ்டைன் எடுத்த முடிவு எல்லாவற்றையும் தீர்மானித்தது. ராக் வாத்தியக்காரர்களை விட்டுவிட்டு நியூயார்க்கின் ஜாஸ் கலைஞர்களை அழைத்தார். டபுள் பாஸுக்கு ரிச்சர்ட் டேவிஸ். எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ பதிவில் வாசித்தவர். கிட்டாருக்கு ஜே பெர்லினர். சார்லஸ் மிங்கஸின் ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’யில் இருந்தவர். டிரம்ஸுக்கு மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டின் கானி கே. வைப்ரஃபோனுக்கும் தாளக்கருவிகளுக்கும் வாரன் ஸ்மித். மோரிசனின் கிளப் கூட்டாளிகளில் ஜான் பெய்ன் மட்டும் புல்லாங்குழலும் சோப்ரானோ சாக்ஸபோனும் வாசித்து இடம் பிடித்தார். தலைப்புப் பாட்டை அவர் அதற்குமுன் கேட்டதே இல்லை. கேட்காத பாட்டுக்கு வாசித்தது அப்படியே தட்டில் ஏறியது. முதல் அமர்வில் வேறொரு புல்லாங்குழல் கலைஞரும் வாசித்தார். அவர் பெயர் தொகுப்பின் உறையில் இல்லை.

1968 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செஞ்சுரி சவுண்ட் கூடத்தில் சில அமர்வுகளில் பதிவு முடிந்தது. இசைக்குறிப்புத் தாள் கிடையாது. மோரிசன் கிட்டாரோடு ஒருமுறை பாடிக் காட்டுவார். தோன்றியதை வாசிக்கச் சொல்வார். என்ன வேண்டும் என்று கானி கே கேட்டபோதும் அதே பதில்தான். மோரிசன் தன்னோடு பேசியதாகவே டேவிஸுக்கு நினைவில்லை. பாடகர் தனிச் சிற்றறையில், வாத்தியக்காரர்கள் வெளியே. மாலை ஏழு மணிக்குமேல் தொடங்கும் பதிவில் அந்த நேரத்துக்கே உரிய ஒரு மனநிலை வாசிப்பிலும் படிந்திருந்தது என்று டேவிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

யாருக்கும் வழி சொல்லப்படவில்லை. ஒவ்வொரு கலைஞரும் தானே வழி தேடிக்கொண்டுதான் பாட்டுக்குள் நுழைந்தார். அந்தத் தேடல் தட்டில் கேட்கிறது. கேட்பவரையும் அதே நிலையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அரை நூற்றாண்டாக நடக்கும் வாதங்கள் அனைத்துக்கும் ஊற்று இதுவே.

முதல் வாதம் மெட்டைப் பற்றியது. தலைப்புப் பாட்டு ஏழு நிமிடம், ‘மேடம் ஜார்ஜ்’ ஏறக்குறையப் பத்து நிமிடம். தலைப்புப் பாட்டில் பெரும்பாலும் இரண்டே கார்டுகள் மாறிமாறி வருகின்றன. பல்லவி வரும், மனதில் பதியும் என்று காத்திருப்பவருக்குப் பாட்டு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். அதில் தவறில்லை; குரலை மட்டும் பின்தொடர்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

இந்தத் தட்டை நேசிப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள், பத்தில் எட்டுப் பேராவது டேவிஸின் பாஸைச் சொல்வார்கள். வழக்கமான பாப் பாட்டில் பாஸ் தாளத்துக்கு அடித்தளம் போட்டுவிட்டு அடங்கி இருக்கும். இங்கே அது பாடகருக்குப் பதில் சொல்கிறது. குரல் ஒரு சொல்லில் தேங்கினால் பாஸ் மேலேறுகிறது. குரல் பாய்ந்தால் பாஸ் ஒரே சுரத்தில் காலூன்றுகிறது. கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு மோரிசன் செய்வது அவ்வளவு அந்நியமாகப் படாது. ஒரே சொல்லை, சில இடங்களில் ஒரே அசையை, அழுத்தம் மாற்றி, இடம் மாற்றி, பொருள் கரையும்வரை சொல்கிறார். இரண்டு மரபுகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் ‘சொன்னதையே சொல்கிறான்’ என்ற குறையும் ‘சொல்லச் சொல்லத் திறக்கிறது’ என்ற வியப்பும் ஒரே இடத்தைக் குறித்துத்தான் எழுகின்றன.

வெளிவந்த புதிதில் அச்சில் வந்த கருத்துகளும் இப்படியே பிரிந்தன. பிரிட்டனின் முன்னணி இசை வார இதழ் ஒன்று பாடகர் ஹோசே ஃபெலிசியானோவின் பாணியோடு ஒப்பிட்டு, அதற்கு எட்டவில்லை என்ற தொனியில் கைவிரித்தது. அமெரிக்காவில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் 1969 தொடக்கத்தில் கிரெய்ல் மார்க்கஸ் மனமாரப் பாராட்டினார். அவர் அதோடு விடவில்லை. 2010இல் மோரிசனைப் பற்றித் தனி நூலே எழுதினார். தான் பாடம் நடத்திய வகுப்பில், இத்தட்டு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த மாணவர்கள் சிலர் தங்களுக்கு மிகப் பிடித்த தொகுப்பாக இதைச் சொன்னது கண்டு திகைத்ததாகவும் அவர் பேசியிருக்கிறார்.

கேட்டவர் எழுத்துகளில் உச்சம் லெஸ்டர் பாங்ஸின் கட்டுரை. ஆளில்லாத தீவுக்கு ஒரே ஒரு தட்டை எடுத்துப்போகலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்று 20 விமர்சகர்களிடம் கேட்டு, மார்க்கஸ் 1979இல் ‘ஸ்ட்ராண்டட்’ என்ற தொகைநூலை வெளியிட்டார். பாங்ஸ் எடுத்துக்கொண்டது ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’. உடலும் மனமும் நொறுங்கிக் கிடந்த 1968இன் இறுதியில் இந்தத் தட்டு தன்னிடம் வந்து சேர்ந்ததை முதலில் சொல்கிறார். பிறகு பாட்டுக்குள் இருக்கும் வலியை, பிறர் துன்பத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மனிதனின் தவிப்பை எழுதிக்கொண்டே போகிறார். கட்டுரை முடியும் இடத்தில் மோரிசனின் வரிகளுக்குப் பக்கத்தில் ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் வரிகளை வைக்கிறார். ராக் விமர்சனம் என்பது தட்டின் தரத்துக்கு மதிப்பெண் போடுவது என்றிருந்த காலத்தில், ஒரு தட்டு ஒரு மனிதனுக்கு என்ன செய்தது என்று எழுதிக்காட்டினார் பாங்ஸ். பின்வந்த பலரும் இத்தொகுப்பை அவர் காதுவழியாகவே கேட்கத் தொடங்கினார்கள். அது இன்றும் ஒரு மனக்குறையாகவே சொல்லப்படுகிறது: பாங்ஸை முதலில் படித்துவிட்டால், தட்டு சுழலும்போது அவர் குரல்தான் முந்திக்கொண்டு காதில் விழுகிறது.

அந்தச் செல்வாக்கு முழுமையாகத் தெரிவது ‘மேடம் ஜார்ஜ்’ பாட்டில். பெண் உடை அணிந்த ஓர் ஆணை, இளைஞர்கள் கூடிக் களித்துவிட்டுக் கைவிட்டுப் போகும் ஒரு தனியரைப் பற்றியது அது என்று பாங்ஸ் வாசித்தார். மோரிசன் அந்த வாசிப்பை மறுத்தார். உறையில் ‘ஜார்ஜ்’ என்றிருந்தாலும் பாடும்போது அவர் வாயில் வருவது ‘ஜாய்’ என்ற பெயர். இதே பாட்டை 1967இல், பின்னணியில் விருந்துக் கூச்சலோடு, வேகமான கேலிப்பாட்டாக அவர் பதிவு செய்திருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு, அதே சொற்கள் ஓராண்டில் இவ்வளவு கனத்தது எப்படி என்ற கேள்வி எழாமல் போவதில்லை.

‘சைப்ரஸ் அவென்யூ’ இன்று வேறு விதமான கருத்துகளைச் சந்திக்கிறது. பதினான்கு வயதுச் சிறுமியைத் தொலைவிலிருந்து பார்த்து, சொல் எழாமல் தடுமாறும் ஆண் குரல் அதில் பேசுகிறது. அதைச் சங்கடமின்றிக் கேட்க முடியவில்லை என்று சொல்லும் இளம் கேட்பாளர்கள் அதிகமாகிறார்கள். அது பாட்டில் இருக்கும் விஷயம். அன்றே பாங்ஸும் அதைக் கவனித்து எழுதினார். இசையின் அழகைச் சொல்லி மூடி மறைக்கத் தேவையில்லை.

பெல்ஃபாஸ்ட் மக்களுக்கு அதே பாட்டு ஒரு முகவரி. மோரிசன் பிறந்தது நகரின் கிழக்கே, ஹிண்ட்ஃபோர்ட் தெருவில், தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், மரங்கள் கவிந்த, வசதியானவர்கள் வாழும் சாலை சைப்ரஸ் அவென்யூ. பாட்டில் வரும் ஏக்கத்துக்கு அந்தத் தூரமே அளவு. 1968 அக்டோபர் 5 அன்று டெரி நகரில் குடிமை உரிமை ஊர்வலத்தைக் காவல்துறை அடித்துக் கலைத்தது. வட அயர்லாந்தின் முப்பதாண்டு மோதலின் தொடக்கமாகப் பலர் குறிக்கும் நாள் அது. நியூயார்க்கில் பதிவின் முதல் அமர்வு முடிந்து, கடைசி அமர்வு இன்னும் நடக்காதிருந்த நேரம். பாடியவர் அதைத் தெரிந்து பாடவில்லை. ஆனால் பின்னாளில் கேட்ட ஊர்க்காரர்களுக்கு, கலவரத்துக்கு முந்தைய நகரத்தின் கடைசிக் காட்சிகள் இதில் உறைந்துபோயிருக்கின்றன. 2015இல் தன் 70ஆவது பிறந்தநாளுக்கு மோரிசன் அந்தச் சாலையிலேயே மேடை போட்டுப் பாடினார்.

குறை சொல்பவர்களில் மோரிசனே முக்கியமானவர். லாரி ஃபாலன் பின்னர் சேர்த்த வயலின் கூட்டிசை தனக்குப் பிடிக்கவில்லை என்றும், இசையமைப்பு முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறது என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ‘சைப்ரஸ் அவென்யூ’வில் வரும் ஹார்ப்சிகார்ட் பற்றிக் கேட்பாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பாட்டுக்கு வெளியிலிருந்து வரும் அலங்காரம் என்கிறார்கள் சிலர். அந்த ஒலியே சாலையின் செல்வச் செழிப்பைக் காட்டுகிறது என்கிறார்கள் வேறு சிலர். ‘தி வே யங் லவ்வர்ஸ் டூ’ இந்தத் தொகுப்போடு ஒட்டவில்லை என்பதும் பழைய புகார். பித்தளை வாத்தியங்கள் முழங்க மூன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு அது. அதையே ஜெஃப் பக்லி ஒற்றை மின்கிட்டாரோடு பத்து நிமிடத்துக்கு நீட்டிப் பாடி 1993இல் வெளியிட்டார். ஒட்டாத பாட்டுக்குள்ளும் அந்த நீள்வெளி ஒளிந்திருந்ததை ஒரு கேட்பாளர் பாடியே காட்டிவிட்டார்.

நாட்டுப்பாடலும் ஜாஸும் கலந்த இசையில் இத்தொகுப்பு தனித்து நின்றது என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் பென்டாங்கிள் குழு அதே 1968இல் முதல் தட்டை வெளியிட்டது. அவர்களுடைய 1969ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘பாஸ்கெட் ஆஃப் லைட்’ பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முகப்புப் பாட்டைத் தாங்கி வந்து பட்டியலில் ஐந்தாம் இடம்வரை போனது. அமெரிக்காவில் டிம் பக்லியின் ‘ஹேப்பி சேட்’ வைப்ரஃபோனை முன்னிறுத்தியது. பென்டாங்கிள் ஐவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்து, கணக்குத் தவறாத தாளங்களில் சேர்ந்து வாசித்தவர்கள். அந்த நேர்த்தியை விரும்புகிறவர்களுக்கு ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’ அவிழ்ந்த மூட்டையாகத் தோன்றுவதும் உண்டு. அறிமுகமற்றவர்கள் ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்து வாசிக்கும் பதற்றமே இதன் உயிர் என்பது மறுதரப்பு.

பட்டியல்கள் பிறகுதான் வந்தன. பிரிட்டனின் ‘மோஜோ’ இதழ் 1995இல் எக்காலத்துக்கும் சிறந்த தொகுப்புகளில் இதற்கு இரண்டாம் இடம் தந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ 2003இல் 19ஆம் இடமும், 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது 60ஆம் இடமும் கொடுத்தது. எண்களைவிடப் படைப்பாளிகளின் சாட்சியம் கனமானது. தீவுக்கு எடுத்துச் செல்லும் இசை பற்றிய பிபிசி நிகழ்ச்சியில் 2016இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ‘மேடம் ஜார்ஜ்’ஐத் தேர்ந்தெடுத்தார். அதற்கு வெகுநாள் முன்பே, 1970களில், தன் பதிவுகளுக்கு ரிச்சர்ட் டேவிஸையே பாஸ் வாசிக்க அழைத்திருந்தார்.

2008 நவம்பரில், 40 ஆண்டுகள் கழித்து, லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பவுல் அரங்கில் மோரிசன் தொகுப்பு முழுவதையும் பாடினார். ஜே பெர்லினர் மறுபடி கிட்டார் வாசித்தார். பாட்டுகளின் வரிசை மட்டும் மாறியிருந்தது. இறந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கும் ‘ஸ்லிம் ஸ்லோ ஸ்லைடர்’ தட்டில் கடைசிப் பாட்டு. மேடையில் அதை மூன்றாவதாக நகர்த்தி, ‘மேடம் ஜார்ஜ்’இல் தொகுப்பை முடித்தார். பழைய வரிசையோடு வளர்ந்த கேட்பாளர்களுக்கு அது இன்னொரு தொகுப்பாகவே ஒலித்தது.

தட்டின் கடைசிப் பாட்டான ‘ஸ்லிம் ஸ்லோ ஸ்லைடர்’ முடியும் விதம்தான் இப்போது புதிய வழக்கு. 1968 தட்டில் குரல் ஓய்ந்ததும் சோப்ரானோ சாக்ஸபோனும் பாஸும் சில நொடிகள் தத்தளிக்கின்றன. பிறகு வெட்டியதுபோல் நின்றுவிடுகின்றன. மரணம் அப்படித்தான் வரும் என்று அந்த நிறுத்தத்துக்குப் பொருள் கண்டவர்கள் ஏராளம். 2015இல் வந்த மறுபதிப்பில் அதே பாட்டின் நீண்ட வடிவம் சேர்க்கப்பட்டது. வாத்தியக்காரர்கள் அங்கே நிற்கவில்லை, தொடர்ந்து வாசித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைக் கேட்டபின் பழைய முடிவுக்குத் திரும்பியவர்களும் உண்டு. அறுந்துபோன இடத்துக்கு அப்பால் டேவிஸின் பாஸ் எங்கே போயிற்று என்று தெரிந்த நிம்மதியில், அந்த நீண்ட வடிவத்தையே தங்கள் பிரதியில் எட்டாவது பாட்டாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு.