புலப்படாக் காயமும் புலப்படும் சாட்சியும்: ‘அன்ரில் ரியூஸ்டே’ – ஒரு நோக்கு

உள்ளத்து நிகழ்வுகள் உடலின்வழிப் பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு எனத் தமிழ் இலக்கணம் வழங்கும். தொல்காப்பியம் நகை, அழுகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, அவற்றுக்கெனப் பொருளதிகாரத்தில் ஓர் இயலையே ஒதுக்கியுள்ளது. துன்பம் உண்டெனின் அது மெய்யிலே தோன்றும்; தோன்றுவதைக் காண்போர் அதனை உணர்வர் என்ற நம்பிக்கை இக்கோட்பாட்டுக்கு அடிப்படையாகும். அவ்வாறாயின், மெய்யிலே தோன்றாத துன்பத்தை உடையவன் தன் நிலையைப் பிறர்க்கு உணர்த்துவது எங்ஙனம்? இக்காலத் தன்வரலாற்று இலக்கியத்தில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் நூல்களுள் ஒன்று, லூயிஸ் காலோஸ் மொன்ரல்வான், பிரெற் விற்றருடன் இணைந்து எழுதி 2011இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘அன்ரில் ரியூஸ்டே’ ஆகும்.

மொன்ரல்வான் அமெரிக்கத் தரைப்படையிற் கப்டனாக இருந்தவர். ஈராக்கில் இருமுறை பணியாற்றியவர். சிரிய எல்லையிலுள்ள அல்-வலீட்டில் 2003இல் தாக்கப்பட்டதாகக் கூறும் அவர், முதுகெலும்புச் சிதைவு, மூளைக் காயம், நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் ஆகியவற்றுடன் நாடு திரும்பினார். 2008இன் பிற்பகுதியில், பயிற்றப்பட்ட உதவிநாயொன்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோல்டன் றிற்றீவர் இனத்ததாகிய அந்நாயின் பெயரே ரியூஸ்டே. ஆங்கிலத்திற் செவ்வாய்க்கிழமையைச் சுட்டும் சொல் அது. ஒரு நாளுக்காகக் காத்திருப்பதுபோல் ஒலிக்கும் தலைப்பு, உண்மையில் ஓர் உயிரின் வருகையைக் குறிக்கின்றது.

மனிதனுக்கு வழித்துணையாக நாயைப் பயிற்றும் மரபும் போரிலிருந்தே நிறுவனவடிவம் பெற்றது. முதலாம் உலகப் போரிற் கண்ணிழந்த படையினருக்காக 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க்கில் முதலாவது பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் ‘சீயிங் ஐ’ என்னும் நிறுவனம் 1929இல் தோன்றியது. பார்வையற்றவர் நாயைப் பற்றிச் செல்லுங்கால் காண்போர்க்கு விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. அவரது இயலாமை நாய்க்குக் காரணம் கூறுகிறது. நாய் அவரது இயலாமைக்குச் சான்று கூறுகிறது. மொன்ரல்வானின் நிலை வேறு. அவர் இளைஞர், கட்டமைந்த உடலினர். அவரது கைத்தடி முதுகின் காயத்தைக் காட்டக்கூடும். நள்ளிரவுக் கனவையும், சனக்கூட்டத்தின் நடுவே மூச்சு அடைக்கும் அச்சத்தையும் அது காட்டாது. மனவடு நோய் அமெரிக்க உளமருத்துவக் கைநூலில் இப்பெயருடன் இடம்பெற்றதே 1980இல்தான் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ரியூஸ்டே பயின்ற பணிகள் தெளிவானவை. தீக்கனாவிலிருந்து எழுப்புதல், பதற்றம் மிகும் வேளையில் உடலோடு உடல் நெருங்கி நின்று கவனத்தைத் திருப்புதல், படிகளிற் சமநிலைக்குத் தோள்கொடுத்தல் என்பன அவை. ஆயின் எவரும் பயிற்றாத இன்னொரு பணியும் அதன்மேற் சுமத்தப்படுவதை நூல் காட்டுகிறது. காணப்படாத காயத்துக்குக் காணப்படும் உருவாக நிற்பதே அப்பணி. மெய் மறைத்ததை நாய் வெளிப்படுத்துகிறது. தலைவனது உடலில் இல்லாத மெய்ப்பாடு, அவன் பக்கத்தில் நான்கு கால்களில் நடந்து வருகிறது எனலாம். 2009இல் உதவிநாய்கள் தொடர்பான சட்டமூலத்தைக் கொண்டுவந்த செனற்றர் அல் பிராங்கன், ரியூஸ்டேயைச் சந்தித்தமையே தமக்குத் தூண்டுதலாயிற்று எனக் கூறியமையும் நோக்கற்பாலது. மனிதனின் வாக்குமூலம் செல்லாத இடத்துக்கு நாயின் முகம் சென்றது.

சான்றாக நிற்கும் நாயே சந்தேகத்துக்கும் காரணமாகிறது என்பதே இந்நூலின் ஆழமான முரண். உணவகத்திலும் கடையிலும் பேருந்திலும் மொன்ரல்வான் தடுக்கப்படுகிறார். ‘நீர் குருடர் அல்லரே’ என்பதே அத்தடைகளின் உட்பொருள். 1990ஆம் ஆண்டின் இயலாமையுடைய அமெரிக்கர் சட்டம் அவர் பக்கமே நிற்கிறது. அச்சட்டத்தின் விதிகளின்படி, இயலாமை காரணமாக நாய் தேவைப்படுகிறதா, அது எப்பணிக்குப் பயிற்றப்பட்டுள்ளது என்னும் இரு வினாக்களையே கேட்கலாம். நோய் யாதெனக் கேட்டலோ, பத்திரம் காட்டச் சொல்லுதலோ ஆகாது. சட்டம் வாயிலைத் திறந்துவைத்திருக்க, வாயிலில் நிற்பவரின் கண் அதனை மூடிவிடுகிறது. நாயின்றி வெளியே செல்ல அவரால் இயலாது. நாயுடன் சென்றாலோ நோயை விளக்காது மீள இயலாது. பதற்றத்தைத் தணிக்க வந்த துணையே புதிய பதற்றத்துக்கு வழிகோலும் இக்காட்சிகளை ஆசிரியர் சினத்தோடும் சோர்வோடும் எழுதுகிறார். நூலின் மிகச் சிறந்த பகுதிகள் இவையே. இங்கே இயலாமை ஒரு தனிமனிதனின் உடற்குறையாக அன்றி, அவனுக்கும் அவனை நோக்கும் சமுதாயத்துக்கும் இடைப்பட்ட உறவாக வெளிப்படுகின்றது.

இவ்வுறவு நூலின் உருவத்தையும் நிர்ணயிக்கிறது. தன்வரலாறு பொதுவாக நினைவுகூர்தலாகும். இந்நூலோ நிரூபித்தலாக அமைகிறது. இடம், காலம், காயத்தின் இயல்பு ஆகியவற்றை அடுக்கிச் செல்லும் நடை, வழக்காடுபவனின் நடையாகும். நூல் வெளிவந்த ஆண்டிலேயே, அவரது போர்க்களக் கூற்றுக்கள் சிலவற்றை உடன் பணியாற்றியோர் சிலர் மறுப்பதாகச் செய்தி நிறுவனமொன்று எழுதியது. அவர் தம் கூற்றில் உறுதியாக நின்றார். அவ்வழக்கைத் தீர்ப்பது திறனாய்வின் வேலையன்று. எனினும், உணவகத்தின் வாயிலில் எழுந்த வினாவே வாசகரின் வாயிலிலும் எழுந்தது என்பதை அது குறிப்பிடத் தவறாது. அரசும் இதற்கு விலக்கன்று. பார்வை, செவிப்புலன், நடமாட்டம் ஆகியவற்றில் இயலாமையுற்றோரின் நாய்களுக்கு உதவிநலன்களை வழங்க 2012இல் விதிசெய்த முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம், மனநோய்க்கான நாய்களை ஒதுக்கிவைத்தது. போதிய அறிவியற் சான்று இல்லை என்பதே அதன் வாதம். 2021 ஓகஸ்டில் நிறைவேறிய சட்டமும், மனவடுவுற்றோர் உதவிநாய்களைப் பயிற்றுவதையே சிகிச்சையாகக் கொள்ளும் பரீட்சார்த்தத் திட்டமாகவே தொடங்கியது.

நூலின் குறைபாடும் இங்கேயே வேர்கொள்கிறது. காயமுற்ற வீரனையும் ‘அவனைக் காப்பாற்றிய’ நாயையும் பற்றியது இந்நூல் என அதன் துணைத்தலைப்பு அறிவிக்கின்றது. இணையாசிரியர் விற்றர், நூலகப் பூனையொன்றைப் பற்றிப் பெருவிற்பனை கண்ட ‘டூயி’ (2008) என்னும் நூலிலும் பங்குகொண்டவர். விலங்கு மனிதனை மீட்கும் கதை, அக்காலத்தே வாசகர் சந்தையில் உறுதிபெற்றிருந்த வாய்பாடு. அவ்வாய்பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டும். நாட்பட்ட நோய்க்கோ முடிவில்லை. நூலின் உள்ளே காணப்படுவது மீட்பன்று. ஒவ்வொரு காலையும் புதிதாகத் தொடங்கப்படும் பிழைப்பு. ரியூஸ்டேயும் அற்புதப் பிராணியாக வந்து சேரவில்லை. சிறைக்கைதிகள் நாய்க்குட்டிகளை வளர்க்கும் திட்டமொன்றில் இருந்து, கைமாறிக் கைமாறிப் பிரிவுகளைத் தாங்கி வந்த நாய் அது. புதிய தலைவனிடம் உடனே ஒட்டிவிடவில்லை. இருவரும் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் நம்பக் கற்கும் இயல்கள் யதார்த்தமானவை. துணைத்தலைப்பின் வாக்குறுதியைத் தாமே மறுப்பவை. நாயே கதைசொல்லியாக அமைந்த சிறுவர் நூலொன்றும் 2014இல் வந்தது. பேசாதிருந்த சாட்சி அங்கே பேசத் தொடங்கியதும், காயத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

2016 டிசம்பரில் மொன்ரல்வான் காலமானார். அவர் இறந்தவேளை ரியூஸ்டே அருகில் இருக்கவில்லை எனச் செய்திகள் கூறின. இதனைக் கொண்டு நூல் பொய்த்துவிட்டது எனக் கொள்வோர், துணைத்தலைப்பை மட்டுமே படித்தவராவர். நாய் அவருக்கு நாட்களை ஈட்டித் தந்தது, அந்நாட்கள் மெய்யானவை. அவற்றுள் எத்தனை, வாயில்தோறும் நின்று தம்மை நிரூபிப்பதிற் கழிந்தன என்பதே நூல் விட்டுச்செல்லும் கணக்கு. அக்கணக்கில் நாய்க்குக் கடனில்லை. கேள்வி கேட்டவர்களுக்கே உண்டு. ஆதலின் இதனை மீட்பின் கதையாக அன்றி, சாட்சிக்கூண்டிலிருந்து எழுதப்பட்ட நூலாகப் படித்தலே பொருத்தமாகும். கண்ணுக்குப் புலப்படும் துன்பத்துக்கே இரங்கிப் பழகிய வாசகர், அப்பழக்கத்தையே ஐயுறுமாறு செய்வதில் இதன் இலக்கியப் பெறுமதி தங்கியுள்ளது.